ஏணிப்படமும் எட்டாத பாடமும்

தொழிற்கட்டுப்பாட்டுப் பயிற்சி வகுப்புகள் பற்றி ஒரு திறனாய்வு

ஆலைகளில் பராமரிப்பு வேலை பார்க்கும் அன்பர்கள் பலர் மாலை வகுப்புகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளுக்கும் போய் வருகிறார்கள். மெக்கட்ரானிக்ஸ், ஆட்டோமேஷன், பி.எல்.சி. என்று இவ்வகுப்புகளுக்குப் பல பெயர்கள். பகல் முழுவதும் இயந்திரங்களுக்கு நடுவே நின்றுவிட்டு, கையில் கிரீஸ் மணம் போகாமலேயே வந்து உட்காரும் அவர்களைக் காணும்போது நமக்கு மதிப்பு உண்டாகிறது. இத்தனை முயற்சியோடு வருகிறவர்களுக்கு வகுப்பு என்ன கொடுத்து அனுப்புகிறது? இக்கட்டுரையில் நாம் ஆராயப் போவது இதனைத்தான்.

நான் கோவை வட்டார ஆலைகளில் முப்பது ஆண்டுகள் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன். இத்தகைய வகுப்புகளில் மாணவனாக உட்கார்ந்திருக்கிறேன். பின்னர்ச் சிலவற்றில் பாடமும் சொல்லியிருக்கிறேன். ஆதலால் கீழே சொல்லப்படும் குறைகளில் என் பங்கும் உண்டு என்பதை முதலிலேயே கூறிவிடுகிறேன்.

ஏணி வந்த கதை

மெக்கட்ரானிக்ஸ் என்ற சொல் ஜப்பானில் பிறந்தது. யாஸ்காவா மின் நிறுவனத்தின் பொறியாளர் டெட்சுரோ மோரி என்பவர் 1969இல் இச்சொல்லை உருவாக்கினார். இயந்திரவியலையும் மின்னணுவியலையும் பிரித்துப் பார்க்க இயலாதபடி இரண்டும் ஒன்றாகிவிட்டன என்பதே அச்சொல்லின் பொருள். அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது.

மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளில் அக்காலத்தில் இயந்திரங்களைக் கட்டுப்படுத்தியவை ரிலேக்கள். ஒரு சிறு மின்காந்தம் ஒரு சுவிட்சை இழுத்து மூடும், அதுவே ரிலே. நூற்றுக்கணக்கான ரிலேக்களைப் பீரோ போன்ற பெட்டிகளில் அடுக்கி, அவற்றுக்கு இடையே கம்பிகளை இழுத்துக் கட்டியிருப்பார்கள். புதிய வகைக் கார் செய்யவேண்டுமென்றால் அத்தனை கம்பிகளையும் பிரித்து மறுபடியும் கட்டவேண்டும். இத்தொல்லை பொறுக்க இயலாமல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமாட்டிக் பிரிவு 1968இல் ஒரு கோரிக்கையை வெளியிட்டது. ரிலேப் பெட்டிக்கு மாற்றாக ஒரு மின்னணுக் கருவி வேண்டும். ஆலையிலேயே அதன் வேலையை எளிதில் மாற்றியமைக்க முடியவேண்டும். பழுது பார்ப்பதும் எளிதாக இருக்கவேண்டும் என்பன அதன் முக்கியமான விதிகள்.

இதற்கு விடையாக டிக் மார்லியும் அவருடைய தோழர்களும் உருவாக்கிய கருவி 1969இல் அந்நிறுவனத்திற்குச் சென்றது. அதன் பெயர் மோடிகான் 084. அவர்களுடைய குழுமத்தின் 84ஆவது திட்டம் அது. ஆதலால் அந்த எண். நிரல்வழிக் கட்டுப்படுத்தி என்று நாம் தமிழில் கூறும் கருவிகளின் முன்னோடி இதுவே. ஆலைகளில் எல்லாரும் பி.எல்.சி. என்றே சொல்வதால் நாமும் அப்படியே அழைப்போம்.

இக்கருவிக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்க எந்த மொழியைப் பயன்படுத்தினார்கள் என்பது கவனிக்கத் தக்கது. கணினி மொழிகள் அப்போதே பல இருந்தன. அவற்றை விடுத்து, ஆலை எலக்ட்ரீஷியன்கள் ரிலே இணைப்புகளை வரைந்து வைத்திருந்த படத்தையே அவர்கள் மொழியாக்கிக்கொண்டார்கள். இடப்புறம் ஒரு செங்குத்துக் கோடு, வலப்புறம் ஒரு செங்குத்துக் கோடு. இவற்றுக்கு இடையே குறுக்குக் கோடுகள். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் சில தொடுமுனைகள். கோட்டின் கடைசியில் ஒரு காயில். பார்ப்பதற்கு ஏணி போலவே இருப்பதால் இது ஏணிப்படம் எனப் பெயர் பெற்றது. தொடுமுனைகள் யாவும் மூடியிருந்தால் காயில் உயிர் பெறும். ஒன்று திறந்திருந்தாலும் பெறாது. படிக்கும் முறை இவ்வளவே.

தொழிலாளி புதிய மொழி ஒன்றைக் கற்கவேண்டியதில்லை; அவன் ஏற்கெனவே அறிந்த படத்தைக் கருவியே கற்றுக்கொண்டது. கருவி தொழிலாளியை நோக்கி இறங்கி வந்தது என்றே சொல்லலாம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் படம் நிலைத்திருப்பதற்குக் காரணமும் இதுவே. 1993இல் அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் பி.எல்.சி.க்கான ஐந்து மொழிகளை வரையறுத்தபோது, அவற்றுள் ஒன்றாக ஏணிப்படத்திற்கும் இடம் கொடுத்தது.

கருவி இறங்கி வந்த அளவுக்குப் பயிற்சி இறங்கி வந்ததா? வரவில்லை என்பதே என் கருத்து.

வகுப்பின் நல்ல பகுதி

குறை சொல்வதற்கு முன் நிறையைச் சொல்லுவது முறை. இவ்வகுப்புகள் கணினியைப் பற்றிய அச்சத்தைப் போக்குகின்றன. நாற்பது வயதுக்கு மேற்பட்ட பிட்டர் ஒருவர், தம் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு திரையில் ஏணிப்படம் வரைந்து, அதன்படி ஒரு விளக்கு எரிவதைக் கண்டு சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். நேரங்காட்டி, எண்ணி ஆகியவற்றின் பயனைப் பெரும்பாலான வகுப்புகள் நன்றாகவே கற்பிக்கின்றன. சாலைச் சந்திப்பின் விளக்குகள், புட்டியில் நீர் நிரப்புதல், மூன்று மாடி லிப்ட் ஆகிய மூன்று பயிற்சிகளும் ஏறத்தாழ எல்லா இடங்களிலும் உண்டு. வீட்டிலேயே கணினியில் பழகிப் பார்க்கும் போலி இயக்க மென்பொருள்களும் வந்துவிட்டன. அவற்றில் எத்தனை முறை தவறு செய்தாலும் எந்த இயந்திரமும் உடைவதில்லை. இது பெரிய வசதி.

எனினும், அங்கே எதுவும் உடையாது என்பதே இப்பயிற்சியின் முதற்குறையும் ஆகிவிடுகிறது. அதனை ஓர் எளிய பொத்தானைக் கொண்டு காண்போம்.

நிறுத்தும் பொத்தான்

பயிற்சிப் பலகையில் எட்டுப் பொத்தான்கள் வரிசையாக இருக்கும். எட்டும் ஒரே வகையானவை. அழுத்தினால் மின்சாரம் செல்லும், விட்டால் நின்றுவிடும். முதற்பொத்தானை 'ஓட்டு' என்றும் இரண்டாவதை 'நிறுத்து' என்றும் வைத்துக்கொண்டு மோட்டாரை இயக்கும் நிரலை மாணவர் எழுதுகிறார். 'நிறுத்து' பொத்தானை அழுத்தாதபோது மோட்டார் ஓடவேண்டும். ஆகவே ஏணிப்படத்தில் அதற்கு மூடிய தொடுமுனையை வரைகிறார். பலகையில் அது சரியாக வேலை செய்கிறது. ஆசிரியர் 'சரி' போடுகிறார்.

ஆலையில் உள்ள உண்மையான நிறுத்தும் பொத்தான் இப்படிப்பட்டதன்று. அது இயல்பாகவே மூடியிருக்கும், அழுத்தினால்தான் திறக்கும். இதற்கு ஆழ்ந்த காரணம் உண்டு. பொத்தானிலிருந்து வரும் கம்பி அறுந்துபோனால் என்ன ஆகும்? மின்சாரம் நின்றுவிடும், பொத்தானை அழுத்தியதாகவே கட்டுப்படுத்தி எடுத்துக்கொண்டு இயந்திரத்தை நிறுத்திவிடும். அதாவது, பழுது ஏற்பட்டால் அப்பழுது பாதுகாப்பின் பக்கமே சாயும். இயல்பில் திறந்திருக்கும் பொத்தானை வைத்தாலோ, கம்பி அறுந்ததே யாருக்கும் தெரியாது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தவேண்டிய நேரத்தில் அழுத்தினால் நிற்காது.

உண்மையான பொத்தானுடன் இணைக்கும்போது கட்டுப்படுத்தியின் உள்வாயிலில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஆகவே ஏணிப்படத்தில் வரையவேண்டியது திறந்த தொடுமுனையே. உள்வாயிலில் மின்சாரம் இருப்பதால் அது மூடியதாகக் கணக்காகும். வெளியே மூடிய பொத்தான், உள்ளே திறந்த தொடுமுனை. ரிலேப் படத்தில் பழகியவரை இவ்விடம் கட்டாயம் குழப்பும். ரிலேப் படத்தில் கம்பியையும் பொத்தானையும் அப்படியே வரைகிறோம், பி.எல்.சி. ஏணிப்படத்திலோ 'இந்த உள்வாயிலில் மின்சாரம் இருக்கிறதா, இல்லையா' என்ற கேள்வியை வரைகிறோம். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் பொருள் வேறு. இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்வதற்கு அரைமணி நேரம் போதும். நான் அமர்ந்த வகுப்புகளில் அந்த அரைமணி நேரம் ஒதுக்கப்படவில்லை. நான் பாடம் சொன்ன முதல் ஆண்டிலும் ஒதுக்கவில்லை.

அதன் விளைவை நேரில் கண்டேன். ஓர் ஆலையில் கழிவுப் பஞ்சைக் கொண்டுபோகும் ஒரு கன்வேயரின் பழைய ரிலேப் பெட்டியை எடுத்துவிட்டுச் சிறிய பி.எல்.சி. ஒன்றைப் பொருத்தினோம். வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற இளைஞர் ஒருவர் நிரல் எழுதினார். வகுப்பில் எழுதியது போலவே நிறுத்தும் பொத்தானுக்கு மூடிய தொடுமுனை வரைந்திருந்தார். கன்வேயர் ஓடவில்லை. நிரல் சரியென்று ஆசிரியரே சொன்னதாயிற்றே. எனவே பொத்தான்தான் தவறு என்று அவர் முடிவு செய்தார். பொத்தானின் பின்னாலிருந்த சிவப்புக் கட்டையைக் கழற்றிவிட்டுத் திறந்த வகையான பச்சைக் கட்டையை மாட்டினார். கன்வேயர் ஓடியது. நானும் வந்து பார்த்தேன். ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன்.

சில மாதங்கள் கழிந்தன. அதிர்விலே ஒரு கம்பி திருகாணியிலிருந்து நழுவியது, யாரும் அறியவில்லை. ஒருநாள் இரவு ஷிப்டில் தொழிலாளி ஒருவருடைய சட்டைக் கை உருளையில் மாட்டிக்கொண்டது. பக்கத்திலிருந்தவர் சிவப்புப் பொத்தானை ஓங்கி அழுத்தினார், நிற்கவில்லை. மீண்டும் அழுத்தினார், நிற்கவில்லை. மூன்றாமவர் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கியதால் தோல் உரிந்ததோடு போயிற்று, கை பிழைத்தது. அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வகுப்பில் கற்றதையே செய்தார். கற்பித்த முறையும், கண்டும் வாளாவிருந்த நானுமே குற்றவாளிகள்.

இதனோடு சேர்த்துக் கற்பிக்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. அவசர நிறுத்தம் என்பது நிரலை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. கட்டுப்படுத்தியே செயலிழந்து நின்றாலும் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரம் அறுபடவேண்டும். அதற்கெனத் தனிப் பாதுகாப்பு ரிலேயும் நேர்க் கம்பி இணைப்பும் வேண்டும். நிரல் எழுதக் கற்பிக்கும் முதல் நாளிலேயே, நிரலிடம் ஒப்படைக்கக்கூடாத வேலைகள் எவை என்பதையும் கற்பிக்கவேண்டும்.

ஏணியில் ஏறும் நேரம்

ஏணிப்படம் ரிலேப் படத்தைப் போலவே இருப்பதால் இன்னொரு மயக்கமும் உண்டாகிறது. ரிலேப் பெட்டியில் எல்லாக் கம்பிகளிலும் மின்சாரம் ஒரே சமயத்தில் இருக்கிறது. பி.எல்.சி.யில் அப்படியில்லை. அது முதலில் உள்வாயில்கள் யாவற்றையும் ஒருமுறை பார்த்து நினைவில் குறித்துக்கொள்கிறது. பிறகு ஏணியின் படிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கணக்கிடுகிறது. கடைசியில் வெளிவாயில்களுக்கு விடையை அனுப்புகிறது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. இப்படி ஒரு சுற்றுக்குச் சில மில்லி விநாடிகள் ஆகின்றன.

இதனால் வரும் தொல்லையை ஓர் எளிய கணக்கால் அறியலாம். சுழலும் சக்கரம் ஒன்றின் விளிம்பு விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதில் 2 செ.மீ. அகலமுள்ள ஓர் இரும்புத் துண்டைப் பொருத்தி, அதை ஒரு சென்சாரால் எண்ணுகிறோம். துண்டு சென்சாருக்கு எதிரே இருக்கும் நேரம் 5 மில்லி விநாடி. கட்டுப்படுத்தியின் சுற்று நேரம் 10 மில்லி விநாடியாக இருந்தால், அது கண்ணை மூடியிருக்கும் வேளையில் துண்டு வந்து போய்விடலாம். எண்ணிக்கை குறையும். சென்சாரை மாற்றினாலும் குறையும். கம்பியை மாற்றினாலும் குறையும். காரணம் அறியாதவர் ஒரு வாரம் அலைவார். அறிந்தவர் விரைவாக எண்ணும் தனி உள்வாயிலில் கம்பியை மாட்டுவார்.

அதேபோல், ஒரே காயிலை ஏணியின் இரண்டு படிகளில் எழுதிவிட்டால் கீழ்ப்படி சொல்வதே நிலைக்கும். மேற்படி எழுதியது வீணாகும். பழைய நிரலில் அவசரமாக ஒரு படியைச் சேர்க்கும்போது இத்தவறு எளிதில் நேர்கிறது. வகுப்புகளில் இவை பெயருக்குச் சொல்லப்படுகின்றனவே தவிர, தவறு செய்து பார்த்துத் திருத்தும் பயிற்சியாக வைக்கப்படுவதில்லை.

பழுதே இல்லாத பலகை

பராமரிப்புத் தொழிலாளி நாள்தோறும் புதிய நிரல் எழுதுவதில்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு எழுதினால் அதிகம். அவர் நாள்தோறும் செய்வது நின்றுபோன இயந்திரத்தை ஓடவைப்பது. ஆனால் பயிற்சிப் பலகையில் எதுவும் நிற்பதே இல்லை! கம்பிகள் புதியவை, காற்று சுத்தமானது, பஞ்சுத் தூசி கிடையாது. மருத்துவ மாணவருக்கு நோயாளியையே காட்டாமல் நலமுள்ளவர்களை மட்டும் காட்டிப் பட்டம் கொடுப்பது போன்றது இது.

ஒரு நாள் பொதி கட்டும் இயந்திரம் ஒன்று நின்றுவிட்டது. காற்றழுத்தத்தால் இயங்கும் சிலிண்டர் வெளியே வரவில்லை. புதிதாகப் பயிற்சி முடித்து வந்த தம்பி மடிக்கணினியைத் திறந்து கம்பியை மாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் மூத்த பிட்டர் வந்தார்.

"தம்பி, அவுட்புட் விளக்கு எரியுதா?"

"எரியுதுங்கண்ணா."

"வால்வுக் காயில் சூடா இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அப்புறம் எதுக்குப் புரோகிராமைத் தொறக்கறே? கரண்டு வால்வு வரைக்கும் வந்துருச்சு. இனிமே காத்தைப் பாரு."

காற்றைப் பார்த்தார்கள். வடிகட்டிக் கிண்ணத்தில் நீர் நிரம்பி வழிந்து, வால்வின் உள்தண்டு துருவால் சிக்கியிருந்தது. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அப்பெரியவர் எந்த மெக்கட்ரானிக்ஸ் வகுப்புக்கும் போனவரல்லர். ஆனால் அவர் செய்ததே மெக்கட்ரானிக்ஸ். மின்சாரம் முடிந்து காற்று தொடங்கும் எல்லை எது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அவருடைய முறையை அறிவியல் முறையாகவும் கூறலாம். சென்சாரிலிருந்து சிலிண்டர் வரை ஒரு சங்கிலி இருக்கிறது. சென்சார், கம்பி, உள்வாயில், நிரல், வெளிவாயில், காயில், வால்வு, குழாய், சிலிண்டர் என்று அது நீளும். இச்சங்கிலியில் 16 கண்ணிகள் இருப்பதாகவும், ஒன்றில் மட்டும் பழுது என்றும் கொள்வோம். ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் 15 சோதனைகள்கூட ஆகலாம். நடுவில் ஒரு சோதனை செய்தால் பழுது எந்தப் பாதியில் என்பது தெரிந்துவிடும். 16 எட்டாகும், பிறகு நான்காகும், இரண்டாகும், ஒன்றாகும். நான்கே சோதனைகள் போதும். பி.எல்.சி.யின் வாயில்களில் எரியும் சிறு விளக்குகள் சங்கிலியின் நடுப்பகுதியில் நமக்கு இலவசமாகக் கிடைத்திருக்கும் சோதனைகள். இந்த விளக்குகளைப் படிக்கக் கற்பிப்பதுதான் பாடத்தின் முதல் வாரமாக இருக்கவேண்டும்.

அழுத்தம், வெப்பம் போன்றவற்றை அளக்கும் கருவிகளிலும் இத்தகைய நுட்பம் உண்டு. அவை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையுள்ள மின்னோட்டமாகச் செய்தி அனுப்புகின்றன. 0 முதல் 10 பார் வரை அளக்கும் கருவியில் 5 பாருக்கு 12 மில்லி ஆம்பியர் வரும். சுழியை ஏன் 4இல் தொடங்கினார்கள்? அழுத்தம் இல்லையென்றால் 4 வரும். கம்பி அறுந்தால் 0 வரும். இல்லாமையையும் பழுதையும் பிரித்தறியும் வழி இது. வகுப்பில் இதைச் சூத்திரமாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். ஒரு கம்பியைப் பிடுங்கிவிட்டு, 'மீட்டர் என்ன காட்டுகிறது, பாருங்கள்' என்று சொல்லியிருந்தால் சூத்திரமே தேவைப்பட்டிராது.

காற்றுக்கும் வலிமை உண்டு

பெயரில் மட்டும் எல்லாம் ஒன்றாகிவிட்டதே தவிர, பல வகுப்புகளில் மின்சாரத்துக்கு ஓர் ஆசிரியர், காற்றழுத்தத்துக்கு ஓர் ஆசிரியர், நிரலுக்கு ஓர் ஆசிரியர் என்று தனித்தனியே வந்து போகிறார்கள். இவை சந்திக்கும் இடத்தைப் பற்றிப் பேச ஒருவரும் வருவதில்லை. விபத்துகளோ அந்தச் சந்திப்பில்தான் காத்திருக்கின்றன.

50 மி.மீ. விட்டமுள்ள சாதாரண சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். 6 பார் அழுத்தத்தில் அது ஏறத்தாழ 120 கிலோகிராம் எடையைத் தூக்கும் விசையோடு தள்ளும். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டோம், இனி அஞ்ச வேண்டாம் என்று எண்ணும் எலக்ட்ரீஷியன், சிலிண்டருக்குள் காற்று அடைபட்டிருப்பதை மறந்துவிடுகிறார். சிக்கிய பொருளை அவர் விரலால் எடுத்துவிட்ட அடுத்த கணத்தில் தண்டு பாய்ந்து வரலாம். சுவிட்சை இறக்கிப் பூட்டுப் போடு. காற்றை அடைத்து, உள்ளே இருப்பதையும் வெளியேற்று. பிறகு கை வை. இந்த மூன்று கட்டளைகளைச் செய்முறையாகப் பழக்காத எந்த வகுப்பும் முழுமையானதாகாது.

எந்த மொழியில்?

தமிழ் வழியில் பயின்றவர்களே இவ்வகுப்புகளுக்கு மிகுதியாக வருகிறார்கள். குறிப்பேடுகளோ ஆங்கிலத்தில், தேர்வுக் கேள்விகளும் பெரும்பாலும் அப்படியே. வகுப்பில் ஐயம் கேட்க நினைப்பவர், ஆங்கிலச் சொல் வாயில் வராததால் பேசாமல் இருந்துவிடுகிறார். நிறுத்தும் பொத்தானைப் பற்றி அந்த இளைஞருக்கு ஐயமே எழவில்லை என்று நான் நம்பவில்லை. கேட்கும் துணிவு வந்திராது என்பதே என் எண்ணம்.

இதற்கு மாற்றாக, எவரும் பேசாத கலைச்சொற்களை அடுக்கித் தமிழில் புத்தகம் போட்டாலும் பயனில்லை. ரிலே, காயில், வால்வு, சிலிண்டர் ஆகியவை ஆலையில் தமிழாகிவிட்ட சொற்கள். அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம். விளக்கமும் காரணமும் எச்சரிக்கையும்தான் தாய்மொழியில் வேண்டும். கூடவே, இயந்திரத் திரையில் தோன்றும் ஆங்கில எச்சரிக்கை வாசகங்களைப் படித்துப் பொருள் கொள்ளவும் ஒரு சிறு பயிற்சி தேவை. இரவு இரண்டு மணிக்கு அவர் தனியாகத்தான் அதைப் படிக்கவேண்டியிருக்கும்.

முன்னோடிகள் இல்லாமலில்லை

பணியிலிருப்போருக்குப் பயிற்சி என்பது நமக்குப் புதிய எண்ணமன்று. நம் நாட்டுத் தொழிற்பயிற்சித் திட்டம் 1950இல் தொடங்கியது. மின்னணுவியலுக்கும் செயல்முறைக் கருவியியலுக்கும் ஐதராபாத்தில் 1974இல் ஒரு தனி நிலையம் ஏற்பட்டது. வேலையில் இருக்கும் தொழிலாளரின் திறனை உயர்த்துவதற்கென்றே 1977இல் ஓர் உயர்நிலைப் பயிற்சித் திட்டம் தொடங்கி, சென்னை உள்ளிட்ட நகரங்களின் மைய அரசு நிலையங்களில் நடைபெற்றது. 2022இல் தமிழக அரசு டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய்ச் செலவில் புதுப்பிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அவற்றில் நிறுவப்படும் ரோபோக்களும் தானியங்கிக் கருவிகளும் மாலையிலும் விடுமுறை நாளிலும் பணியாளர்களுக்கும் பயன்படவேண்டும் என்பது நம் விருப்பம்.

ஜெர்மனியில் 1998இல் மெக்கட்ரானிக்ஸ் ஒரு தனித் தொழிலாகவே ஏற்கப்பட்டது. மூன்றரை ஆண்டுப் பயிற்சியில் ஒரு பகுதி தொழிற்சாலையிலும் ஒரு பகுதி தொழிற்பள்ளியிலும் நடக்கிறது. இறுதித் தேர்வில், தம் நிறுவனத்தின் உண்மையான வேலை ஒன்றைச் செய்து முடித்து, அதைப் பற்றித் தேர்வாளர்களுக்கு வாய்மொழியாக விளக்கும் முறையும் அங்கு உண்டு. நம்முடைய வார இறுதி வகுப்பை அதனோடு ஒப்பிடுவது நியாயமாகாது. ஆனால் 'உண்மையான வேலை, அதற்கான விளக்கம்' என்ற அந்த ஒரு கொள்கையை நாம் கைக்கொள்வதற்குப் பெரும் பணம் தேவையில்லை.

மறுப்புகளும் விடைகளும்

என் கருத்தை நண்பர்களான ஆசிரியர்களிடம் கூறியபோது மூன்று மறுப்புகளைச் சொன்னார்கள். பழுது வைத்துப் பழக்கினால் விலையுயர்ந்த பலகை கெட்டுவிடும் என்பது முதலாவது. பலகையின் பின்னால் பத்துச் சிறு சுவிட்சுகளை வைத்து ஒவ்வொன்றாலும் ஒரு கம்பியைத் துண்டிக்கலாம். காற்றைக் கட்டுப்படுத்தும் திருகாணியை முழுதும் மூடி வைக்கலாம். சென்சாரின் கண்ணில் சிறிது பஞ்சை ஒட்டலாம். இவற்றால் எதுவும் கெடாது. செலவும் மிகக் குறைவு.

நேரம் இல்லை என்பது இரண்டாவது. மூன்று மாடி லிப்டையும் சாலை விளக்கையும் விட்டுவிட்டால் நேரம் கிடைக்கும். ஆலைத் தொழிலாளி தம் வாழ்நாளில் சாலை விளக்குக்கு நிரல் எழுதப் போவதில்லை.

மூன்றாவது மறுப்பு சற்று வலுவானது. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் 'நிரல் எழுதத் தெரியுமா' என்றே கேட்கிறார்கள். பழுது பார்க்கத் தெரியுமா என்று கேட்பதில்லை என்கிறார்கள். இது உண்மைதான். இளைஞருக்கு வேலை கிடைக்கவேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், பழுதைக் கண்டுபிடிக்கப் பழகியவருக்கு நிரல் தானே புரியத் தொடங்கும். ஏனென்றால் ஒவ்வொரு பழுதும் 'இந்தப் படி ஏன் உயிர் பெறவில்லை' என்ற கேள்வியோடு அவரை ஏணிப்படத்திடமே அழைத்துச் செல்கிறது. நிரல் மட்டும் எழுதப் பழகியவரை எந்த நிரலும் இயந்திரத்திடம் அழைத்துச் செல்வதில்லை.

சேரும் முன் கேட்கவேண்டியவை

வகுப்பில் சேர எண்ணும் அன்பர்கள் பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்பது நல்லது. உண்மையான, இயல்பில் மூடிய நிறுத்தும் பொத்தான் உங்கள் பலகையில் இருக்கிறதா? பழுது வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்வீர்களா? மின்சாரத்தையும் காற்றையும் பூட்டி வைக்கும் முறையைக் கையால் செய்து பழக்குவீர்களா? ஐயத்தைத் தமிழில் கேட்டால் தமிழில் விடை கிடைக்குமா? நான்கிற்கும் 'ஆம்' என்று சொல்லும் இடம் சிறிய கட்டிடத்தில் இருந்தாலும் சேரலாம். சுவரில் ரோபோவின் படம் மட்டும் இருந்தால் சற்று யோசிக்கலாம்.

நான் இப்போது வகுப்பைத் தொடங்கும்போது கணினியைத் திறப்பதில்லை. பச்சைக் கட்டை ஒன்றையும் சிவப்புக் கட்டை ஒன்றையும் மேசைமீது வைத்து, எது நிறுத்துவதற்கு, ஏன் என்று கேட்கிறேன். முதல் மணி நேரம் முழுவதும் அந்த விவாதத்திலேயே போய்விடுகிறது. பாடத்திட்டத்தின்படி அது தாமதம்தான். ஆனால் அந்தக் கன்வேயரின் பக்கத்தில் சிவப்புப் பொத்தானை இரண்டாம் முறை அழுத்தியவரின் முகம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. ஆகையால் அந்தத் தாமதத்தை நான் குறைப்பதாக இல்லை.